தராசும் தசமமும்
(மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஜாவா மொழியில் நிரல் எழுதப் பயிலும் நாம், நமது மலையகத் தராசிலிருந்தே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். தாய் ஒருத்தி ஒரே நாளில் மூன்று நிறுவைகளில் 6.7, 5.6, 7.7 கிலோ கொழுந்து கொடுக்கிறாள் என்க. கூட்டினால் சரியாக 20. ஒவ்வொரு நிறுவையிலும் தசமத்தை வெட்டினால் 6, 5, 7, ஆக 18. முழுப்பேருக்கு 20 கிலோ வேண்டுமெனில், அவளுக்கு அரைப்பேர்தான். கிட்டிய முழு எண்ணுக்கு மட்டந்தட்டினாலோ 21, அதுவும் நியாயமன்று. ஆகவே, தசமத்தோடு கூட்டி, முடிவில் ஒரே தடவை மட்டந்தட்டுவதே முறை.

இனி, கணினியின் சங்கடத்தைப் பார்ப்போம். அது எண்களைத் துவிதத்தில் வைப்பதால், 'டபிள்' வகையில் 0.1 சரியாக அடங்குவதில்லை, 0.1உம் 0.2உம் கூடி 0.30000000000000004 ஆகின்றன. காசுக் கணக்குக்கு 'பிக்டெசிமல்' வகையே தக்கது. மொத்த இலக்கங்கள் எத்தனை, தசமதானங்கள் எத்தனை, மட்டந்தட்டும் விதி எது என்பவற்றை அதிலே நாமே வகுக்கலாம். ஆனால் 0.1ஐ மேற்கோட்குறிக்குள் எழுத்தாகக் கொடுக்கவேண்டும். வெறும் எண்ணாகக் கொடுத்தால் பழைய பிழையே உள்ளே புகும்.

சிறு துளிதானே என்று எண்ணற்க! கனடாவின் வன்கூவர் பங்குச்சந்தைச் சுட்டெண் 1982இல் 1000 எனத் தொடங்கியது. மூன்று தசமதானங்களுக்கு அப்பால் ஓயாது வெட்டப்பட்டதால், 1983 நவம்பரில் ஏறக்குறைய 520க்கு இறங்கிற்று. திருத்தியபோது 1098ஐத் தாண்டியது.

நம்மில் சிலர் நாளை சம்பள நிரல் எழுதக்கூடும். வெட்டும் விதியை எழுதியவர் யாரென்று கொழுந்து பறித்த தாய் அறியாள், நாம் அறிவோம்.