எஞ்சி நிற்கும் கோப்புகள்

வாடகைக்கு இருந்தவர் வீட்டைக் காலி செய்து, சாவியையும் கையளித்துவிட்டார். உள்ளே சென்று பார்த்தாலோ, சுவரிலே அவர் அறைந்த ஆணிகள் இருக்கின்றன; பரணிலே பழைய பெட்டியொன்று கிடக்கின்றது. கணினியிலிருந்து நாம் நீக்கும் நிரல்களும் இவ்வாறே சிலவற்றை விட்டுச் செல்கின்றன.

1993ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டெபியன் என்னும் லினக்ஸ் வகையை எடுத்துக்கொள்வோம். கட்டளை வரியிலே 'ஆப்ட் ரிமூவ்' என எழுதி, நிரலின் பெயரையும் சேர்த்தால் நிரல் அகலும். அதன் அமைப்புக் கோப்புகள் அகலா. இது குறையன்று. அதே நிரலை நாளை மீண்டும் நிறுவினால், நாம் முன்னர் செய்துவைத்த ஒழுங்குகள் உதவ வேண்டும் என்பதே நோக்கம். அவையும் வேண்டாமெனில், 'ரிமூவ்' என்பதற்குப் பதிலாகப் 'பேர்ஜ்' என்று எழுதுதல் வேண்டும்.

ஆயினும், 'பேர்ஜ்' நமது சொந்தக் கோப்புறையினுள் நுழைவதில்லை. அங்கே புள்ளியில் தொடங்கும் பெயர்களோடு மறைந்திருக்கும் கோப்புகளை 'ஃபைண்ட்' என்னும் கட்டளையால் தேடலாம். அது, கண்டவற்றைப் பட்டியலிடும், அவ்வளவே. 'டிலீட்' என்ற சொல்லை இறுதியிற் சேர்த்தால் அவற்றை அழிக்கும். அச்சொல்லைத் தேடும் பெயருக்கு முன்னே வைத்துவிட்டாலோ, பெயரைப் பாராமலே அவ்விடத்திலுள்ள அனைத்தையும் அழிக்க முற்படும்!

இது வெறும் அச்சுறுத்தலன்று. 2011ஆம் ஆண்டில், மடிக்கணினிகளின் வரைகலைச் சில்லுகளுக்கென எழுதப்பட்ட 'பம்பிள்பீ' என்னும் லினக்ஸ் நிரலை நிறுவும் கட்டளைத் தொடரிலே, பழைய கோப்புறையொன்றை அழிக்கும் வரியில் தேவையற்ற ஓர் இடைவெளி புகுந்துவிட்டது. ஒரு முகவரி இரண்டாகப் பிளந்தது. முதற்பாதி, கணினியின் நிரல்களிற் பெரும்பாலானவை தங்கியிருக்கும் 'யூஎஸ்ஆர்' என்னும் கோப்புறையின் பெயராயிற்று. நிரலை நம்பி நிறுவியோர் அக்கோப்புறை முழுவதையும் இழந்தனர். எழுத்துப் பிழைகூட அன்று. வெற்றிடம் ஒன்று செய்த வினை அது.

கட்டளை வரியில் அழிக்கப்பட்டவை குப்பைக்கூடைக்குச் செல்வதில்லை. ஆதலால், முதலிலே பட்டியலைப் பெறுங்கள். ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். ஐயமுள்ளவற்றை வேறிடத்துக்கு மாற்றிவையுங்கள். சில நாட்கள் கணினி குறைவின்றி இயங்கிய பின்னர் அழியுங்கள். எஞ்சிய அமைப்புக் கோப்புகள் பிடிக்கும் இடம் பெரும்பாலும் மிகச் சிறிது. அவசரத்தால் வரும் இழப்போ பெரிது.