வாழ்த்து கடைசியில் வரட்டும்



மனிதன் புகழை விரும்பலாமா கூடாதா என்று கேட்டால், விரும்பலாம் என்பதுதான் என் கட்சி. புகழாசையே பாவம் என்று பேசும் துறவி வேடம் எனக்கு வேண்டாம். நாலு பேர் நம்மை நல்லவன் என்று சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இருப்பதால்தான் பல பேர் தவறு செய்யக் கூசுகிறார்கள். நான் எதிர்க்க வந்தது வேறொன்றை. செயலுக்குப் பின்னால் வரவேண்டிய புகழை நாம் செயலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டோம். ஊரார் தரவேண்டியதை நாமே நமக்கு எடுத்துக்கொள்கிறோம். இந்த முறைமாற்றம் நம் குணத்தை அடியோடு அரித்துக்கொண்டிருக்கிறது என்பது என் குற்றச்சாட்டு. அதற்கான சான்றை வெளியூரில் தேட வேண்டியதில்லை, இந்த மண்ணிலேயே இருக்கிறது.

நம் தருமபுரி மாவட்டம் நடுகற்களின் மாவட்டம். வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் கிடந்த கற்களைத் தொல்லியல் துறையினர் சேகரித்து, தருமபுரி நகரில் உள்ள அகழ்வைப்பகத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். போய்ப் பாருங்கள். பல்லவர் காலம் தொட்டு வட்டெழுத்தில் பொறித்தவை அவற்றில் உண்டு. எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊரில் பூசல், ஆநிரையை மீட்கப்போய் விழுந்தவன் யார் என்பதைச் சில வரிகளில் சொல்லி நிறுத்திவிடுகின்றன. அடைமொழிக்கு அங்கே இடம் குறைவு. அந்தக் கற்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அரசர்கள் இல்லை என்பதையும் மனத்தில் வையுங்கள், அதற்குப் பிறகு வருகிறேன். கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படிகளாகச் சொல்கிறது: கல்லைத் தேடிக் காண்பது, நாள் பார்த்துக் கொள்வது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது. வாழ்த்து ஆறாவது படி. அதற்கு முன் ஐந்து படிகள், அந்த ஐந்துக்கும் முன் ஒரு மனிதனின் செயல், அந்தச் செயலில் போன அவன் உயிர். கல்லை நட்டவர்கள் அவனால் காப்பாற்றப்பட்ட ஊரார். தனக்குத் தானே கல் எடுத்துக்கொண்டவன் அதில் ஒருவன்கூட இல்லை.

இன்று நம் ஊர்ச் சாலைகளில் நிற்கும் ஃப்ளெக்ஸ் பேனர்களை அந்தக் கற்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, திருமணம், பிறந்த நாள், கட்சிப் பதவி என்று எல்லாவற்றுக்கும் ஆள் உயரப் படம், அதைச் சுற்றி வாழ்த்துவோர் படம், வாழ்த்துவோருக்கும் பட்டம். வைப்பவரும் வாழ்த்தப்படுபவரும் பல நேரம் ஒரே ஆள்தான், காசு ஒரே பையிலிருந்துதான் போகிறது. 2019 செப்டம்பர் 12ஆம் தேதி சென்னை பள்ளிக்கரணையில் ஒரு திருமண வீட்டுப் பேனர் சாலையில் சரிந்தது. இரு சக்கர வாகனத்தில் வேலை முடிந்து திரும்பிய 23 வயதுப் பெண் நிலைதடுமாறி விழுந்து லாரியில் சிக்கி இறந்தார். அந்த வாரம் கட்சிகள் எல்லாம் இனிப் பேனர் வைக்காதீர்கள் என்று தொண்டர்களுக்கு அறிக்கை விட்டன. பேனர்கள் திரும்ப வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2017 அக்டோபரில், உயிரோடு இருப்பவர்களின் படத்தைப் பேனரில் போடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் உத்தரவிட்டார். அந்த உத்தரவு நிலைக்கவில்லை. ஆனால் அதில் இருந்த அறிவு நடுகல் நட்டவர்களின் அறிவு. செத்த பிறகுதான் புகழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாழ்ந்து காட்டும் முன் புகழக் கூடாது என்கிறேன்.

இதனால் குணம் எப்படிக் கெடுகிறது என்று கேட்பீர்கள். குணம் என்பது ஒருவன் பார்ப்பாரற்ற இடத்தில் நடந்துகொள்ளும் விதம். யாரும் பார்க்காவிட்டாலும் கடனைத் திருப்பித் தருவது, கேட்க ஆளில்லாத கிழவியிடம் சரியான எடை போடுவது, இவைதான் ஒருவனை உருவாக்குகின்றன. பார்ப்பவர் கண்ணுக்காகவே எல்லாவற்றையும் செய்யப் பழகியவனுக்கு, பார்வையாளர் இல்லாத இடத்தில் நல்லவனாக இருக்கக் காரணமே இல்லாமல் போகிறது. முன்பு அந்தப் பார்வை தெருவளவில் இருந்தது, இப்போது அதைக் கணக்குப் பார்த்துக் காட்டும் கருவி கையில் இருக்கிறது. ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது 2009இல். 2020 ஜூன் மாதக் கடைசியில் மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது, ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்துவிட்டது. கடை மாறியது, பசி மாறவில்லை. அந்தப் பசியை வளர்ப்பதில் அந்த நிறுவனங்களுக்கு லாபம் இருக்கிறது, நாம் எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கிறோமோ அவ்வளவு விளம்பரப் பணம். 2011 முதல் 2017 வரை உலகம் முழுவதும் செல்ஃபி எடுக்கப்போய் இறந்தவர்களைச் செய்திகளிலிருந்து தொகுத்த இந்திய மருத்துவ ஆய்வாளர்கள் 259 பேரைக் கணக்கிட்டார்கள். அதில் பாதிக்கு மேல் நம் நாட்டில். ஒகேனக்கல் நம் பென்னாகரம் தாலுகாவில் இருக்கிறது. காவிரி அங்கே பாறைக்குள் எப்படிப் பாய்கிறது, அந்தப் பாறை எப்படி வழுக்கும் என்பதைப் பரிசல் ஓட்டும் குடும்பங்களைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் போய் நிற்கும் பையனுக்குத் துணிச்சல் இருப்பதாக நினைக்காதீர்கள். தன் உயிரைவிடப் பிறர் பார்வை பெரிது என்று அவனுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கற்றுக்கொடுத்தவர்களில் நாமும் உண்டு, ஏனென்றால் வீட்டில் அவன் செய்த நல்லதை நாம் பாராட்டியதைவிட அவன் போட்ட வீடியோவைப் பாராட்டியது அதிகம்.

இதைவிட எனக்கு நெஞ்சு பொறுக்காத ஒன்று உண்டு. உதவி என்ற பெயரில் நடக்கும் படப்பிடிப்பு. ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரு கை நீட்டுகிறது, ஒரு கை வாங்குகிறது. பை கைமாறும் முன் இருவரும் கேமராவைப் பார்க்க வேண்டும். கொடுப்பவர் நான்கு பேர், எட்டுப் பேர் என்று பையைப் பிடித்துக்கொள்கிறார்கள். வாங்கும் அம்மா தலையைக் குனிந்தால், நிமிர்ந்து பாருங்கள் என்கிறார்கள். 2020 ஊரடங்கில் வேலையும் கூலியும் போய் முடங்கிக் கிடந்த மக்களுக்குப் பலர் உண்மையாகவே உதவினார்கள், அவர்களை நான் வணங்குகிறேன். அதே நாட்களில் உதவி பெற்றவர்களின் முகங்கள் ஊர் உலகமெல்லாம் சுற்றிவந்ததையும் பார்த்தோம். அந்த அரிசி பத்து நாளில் தீர்ந்திருக்கும், படம் தீரவில்லை. அந்த வீட்டுப் பெண் பிள்ளை பள்ளிக்குப் போகும்போது வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டுவார்கள். பசியைத் தீர்ப்பதற்கு வாங்கிய விலை அவர்கள் மானம். கொடுத்தவர் ஒரு பைக்கு ஒரு படம் என்று கணக்கு நேர்செய்துகொண்டார், அது தானம் என்ற நிலையிலிருந்து வியாபாரம் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

நம் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் கொடைகளில் உலகம் மறக்காமல் சொல்வது எது? ஒரு நெல்லிக்கனி. அதை உண்டவர் நீண்ட நாள் வாழ்வர் என்பது நம்பிக்கை. எட்டுவதற்கு அரிய மலைப்பிளவிலிருந்து கிடைத்த அந்தக் கனியை அவன் ஔவையாருக்குக் கொடுத்தான். புறநானூற்றில் ஔவையார் அதைப் பாடும்போது வியந்து சொல்லும் இடத்தைக் கவனியுங்கள். அந்தக் கனியால் வரும் நன்மையை அவன் வாய் திறந்து சொல்லவில்லை, தன் மனத்துக்குள்ளேயே அடக்கிக்கொண்டு கொடுத்தான் என்கிறார். கொடையைவிடக் கொடையை மறைத்தது அவரைத் தொட்டிருக்கிறது. அவன் சொல்லியிருந்தால் அவர் வாங்கியிருக்க மாட்டார். சொல்லாததால் வாங்கினார், வாங்கியதால் பாடினார், பாடியதால் இரண்டாயிரம் ஆண்டாக நாம் பேசுகிறோம். பெரும்புகழ் வந்த வழி அப்படி.

இங்கே ஒரு தடை எழும். தமிழர் மரபே புகழைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறதே, நீ எப்படி அதற்கு விலங்கு மாட்டலாம் என்று கேட்பார்கள். நல்ல தடை, விடை சொல்ல வேண்டும். வள்ளுவர் புகழுக்கு ஓர் அதிகாரமே வைத்தார், உண்மை. அது 24ஆவது அதிகாரம், இல்லறவியலின் கடைசி. அதற்கு நேர் முன்னால் 23ஆவதாக ஈகை நிற்கிறது. ஒழுக்கமுடைமை 14இலேயே வந்துவிடுகிறது. ஒழுக்கத்தைக் கடந்து, கொடுத்தலைக் கடந்து, இல்லறத்தின் எல்லையில் போய்த்தான் புகழைத் தொட முடியும் என்பது அந்த வைப்புமுறை. புறநானூற்றில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி, புகழ் என்றால் உயிரையும் தருவோர் இருப்பதால் உலகம் நிலைத்திருக்கிறது என்று பாடினார், அதுவும் உண்மை. அதே பாட்டில் அவர் அந்த மனிதர்களை எப்படி அடையாளம் காட்டுகிறார்? பழி வரும் என்றால் உலகையே கொடுத்தாலும் கொள்ளாதவர்கள், தமக்கென்று முயலாமல் பிறர்க்காக முயல்பவர்கள். அந்த இரண்டு அடையாளங்களையும் கழற்றி எறிந்துவிட்டு முதல் பாதியை மட்டும் பேனரில் அச்சடிப்பதை மரபு என்று சொல்லாதீர்கள். கோயில் கல்வெட்டில் கொடுத்தவர் பெயர் இல்லையா என்பார்கள். இருக்கிறது, தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இராசராசன் தான் கொடுத்ததையும் தமக்கை கொடுத்ததையும் மற்றவர்கள் கொடுத்ததையும் வெட்டச் செய்தான். ஆனால் அங்கே பெயரோடு அளவும் இருக்கிறது. ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு என்றால் ஆட்டை யார் வளர்ப்பது, நாள்தோறும் எவ்வளவு நெய் அளப்பது என்பதெல்லாம் உடன் இருக்கிறது. அந்தப் பெயர் ஒரு பொறுப்புச் சீட்டு, தவறினால் ஊர் கேட்கலாம். நம் பேனர்ப் பெயர்களிடம் எதைக் கேட்க முடியும்?

விளம்பரம் இல்லாமல் இந்தக் காலத்தில் எந்த நல்ல காரியமும் நடக்காது என்பது அடுத்த தடை. அதில் பாதி சரி. காரியத்துக்கு விளம்பரம் வேண்டும். சுப்பிரமணிய சிவா அதை அறிந்தவர். நம் பாப்பாரப்பட்டியில் வாழ்ந்து 1925 ஜூலை 23இல் மறைந்த அந்த மனிதர் மேடையை வெறுத்தவர் இல்லை. பேசினார், எழுதினார், 1913இல் ஞானபானு என்ற பத்திரிகை தொடங்கினார். 1908இல் வ.உ.சி.யோடு தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றவர் தொழுநோயோடு வெளியே வந்தார். அந்த நோயைக் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று தடுத்தார்கள். புண்ணான கால்களோடு ஊர் ஊராக நடந்து பேசினார். பாரத மாதா ஆலயம் எழுப்ப வேண்டும் என்று நிதி திரட்டினார், 1923இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். ஆலயம் எழுவதைக் காணாமலே நாற்பது வயதில் சிவா போய்விட்டார். அவரும் கூட்டம் கூட வேண்டும் என்று விரும்பினார், தம் சொல் பரவ வேண்டும் என்று துடித்தார். ஆனால் அவர் பரப்பியது எதை? அந்த உடம்பை, அந்த முகத்தை யாரும் படம் பிடித்து மகிழ முடியாது. தோற்றத்தைக் காட்டிப் புகழ் சேர்க்கும் வழி அவருக்கு அடைபட்டிருந்தது, மீதியிருந்தது செய்தி ஒன்றுதான். செய்தியை எவ்வளவு வேண்டுமானாலும் பரப்புங்கள். நெசவாளி தன் சேலையைக் கைபேசியில் காட்டி விற்கட்டும், கூத்துக் கலைஞர் தம் ஆட்டத்தைப் போடட்டும். அது உழைப்பைக் காட்டுவது.

மூன்றாவது தடை ஒன்று இருக்கிறது, அதை நான் மிக மதிக்கிறேன். நேற்றுவரை தெருவில் செருப்புப் போட அனுமதிக்கப்படாதவர்கள், கோயில் திருவிழா அழைப்பிதழில் பெயரே வராதவர்கள், இன்று தங்கள் பிள்ளையின் படத்தைச் சாலையில் வைத்தால் மட்டும் உங்களுக்குக் குணமும் ஒழுக்கமும் நினைவுக்கு வருகிறதா? நியாயமான கோபம் இது. முகமே மறுக்கப்பட்டவர் தம் முகத்தைக் காட்டுவதை நான் தற்பெருமை என்று சொல்ல மாட்டேன், அது உரிமைக் குரல். அகழ்வைப்பகத்துக் கற்களை முன்பே சொன்னேன், அவற்றில் எளிய வீரர்கள் நிற்கிறார்கள். செங்கம் பக்கம் எடுத்தனூரில், தலைவனோடு கள்ளரை எதிர்த்து நின்ற நாய்க்கும் கல்லில் உருவமும் பெயரும் கொடுத்திருக்கிறார்கள். செய்ததைப் பார்த்து மதித்த காலம் அது. ஆகவே என் வழக்கு கீழே இருப்பவர்மேல் இல்லை. அதிகாரமும் பணமும் இருப்பவர்கள்மேல்தான், முதலில் அவர்கள் நிறுத்தட்டும். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி, பல்லும் எலும்பும் கெட்ட குடும்பங்கள் எத்தனையோ. அதற்காக ஜப்பானியக் கடனுதவியோடு ஏறத்தாழ 1,900 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. யார் கொண்டுவந்தது என்று இன்றைக்கும் இரு பெரும் கட்சிகளும் உரிமை கொண்டாடுகின்றன. கடனைத் திருப்பிக் கட்டுவது மக்கள் வரிப்பணம். அரசு விளம்பரங்களில் யார் படம் இருக்கலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் மூன்று பதவிகளுக்கு மட்டும் சுருக்கியது, அடுத்த ஆண்டே முதலமைச்சர்களுக்கும் அமைச்சர்களுக்கும் ஆளுநர்களுக்கும் அது தளர்த்தப்பட்டது. தளர்த்தக் கேட்டவர்கள் அரசுகள். தண்ணீர் வராத நாளைப் பற்றி எந்தப் பேனரும் இல்லை.

இந்தக் கூட்டத்தில் ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள், சங்கம் நடத்துபவர்கள், ரசிகர் மன்றத்தார், கட்சிக்காரர்கள் இருக்கிறீர்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் பையும் கொடுப்பீர்கள். கொடுங்கள், இன்னும் அதிகமாகக் கொடுங்கள். ஆனால் பிள்ளைகளை மேடைக்கு ஏற்றாதீர்கள். பொருளைத் தலைமை ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு, வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, எத்தனை பிள்ளைகளுக்குப் போனது என்று ஒரு தாளில் எழுதி ஊராட்சிப் பலகையில் ஒட்டுங்கள். கொடுத்தவர் பெயரும் அதில் இருக்கட்டும், எனக்குத் தடையில்லை. வாங்கிய பிள்ளையின் பெயரும் முகமும் எங்கேயும் வேண்டாம். பேனருக்கு ஒதுக்கிய பணத்தில் இன்னும் எத்தனை பை வாங்கலாம் என்று அச்சுக்கடையில் முன்பணம் கட்டும் முன் கணக்குப் போடுங்கள். யாராவது இந்த ஆண்டு அப்படிச் செய்து, அதனால் உங்கள் மதிப்பு குறைந்துவிட்டது என்று கண்டால், இதே மேடைக்கு வந்து என் வாதத்தை மறுத்துப் பேசுங்கள். நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.