இரண்டு முத்துக் கடற்கரைகள்
(நாங்குநேரியில் நிகழ்த்திய பேச்சின் சுருக்கம்)



கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தான் என்று நம் பிள்ளைகள் உருப்போடுகிறார்கள். அங்கே கோடிக்கணக்கான ஜனங்கள் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். குடியிருக்கும் வீட்டுக்குள் நுழைந்தவன் 'வீட்டைக் கண்டுபிடித்தேன்' என்றால் நாம் ஒப்புவோமா?

1498 மே மாதம் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் கொலம்பஸ் இன்றைய வெனிசுலா கரையைத் தொட்டான். அங்குள்ள ஜனங்கள் கையில் முத்துக் கோத்துக் கட்டியிருந்ததைக் கண்டான். கண்டதுதான் தாமதம், பின்னாலேயே ஆட்கள் வந்தார்கள்.

அந்தக் கரைக்கு அப்பால் கூபாகுவா என்றொரு வறண்ட தீவு. குடிதண்ணீர்கூடக் கிடையாது. முத்துக் குளிக்க ஸ்பானியர் பஹாமா தீவு ஜனங்களை அடிமைகளாகப் பிடித்து வந்தார்கள். விடிந்தது முதல் பொழுது சாயும்வரை மூழ்க வேண்டும். மேலே வந்து மூச்சு வாங்கினால் அடி. இரவில் ஓடிவிடாதபடி தளை. இதை எழுதி வைத்தவர் லாஸ் காஸாஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார். ஒரு தலைமுறைக்குள் பஹாமா தீவுகள் வெறுமையாயின. 1540 வாக்கில் கூபாகுவாவில் சிப்பியும் தீர்ந்தது, ஊரும் பாழாயிற்று.

நமக்குக் கிழக்கே உவரி, மணப்பாடு, தூத்துக்குடி என்று நீளும் கரையிலும் முத்துத்தான் விஷயம். 1530-களில் முத்துப் பார் யார் கையில் என்று பரதவருக்கும் மரக்காயருக்கும் தகராறு. பரதவர் கொச்சிக்கு ஆள் அனுப்பிப் போர்த்துகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். 1537-க்குள் ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1538-ல் வேதாளையில் மரக்காயர் கப்பற்படை முறியடிக்கப்பட்டது. இதை மதச் சண்டை என்பார் உண்டு. நாம் அப்படிப் பார்க்கவில்லை. குத்தகைச் சண்டை என்போம்.

பாதுகாப்புக்கு விலை உண்டல்லவா? இந்தக் கரையின் வருமானத்தில் 4,000 பணம் போர்த்துகல் ராணியின் செருப்புச் செலவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சிரிக்காதீர்கள்! 1542-ல் வந்த சவேரியார், அந்தப் பணத்தை வேதம் சொல்லிக்கொடுப்போர் சம்பளத்துக்குத் தரும்படி ராணிக்கே எழுதினார். போர்த்துகீசிய அதிகாரிகளின் அக்கிரமத்தையும் தம் கடிதங்களில் கண்டித்தார்.

ஆயினும் பரதவர் பஹாமா ஜனங்களைப் போல் அழியவில்லை. ஏன்? அம்மை இங்கே பழைய நோய். அமெரிக்க ஜனங்களுக்கோ அது புதிது, லட்சக்கணக்கில் சாய்த்துவிட்டது. இங்கே உள்நாட்டில் அரசர்களும் படைகளும் இருந்தபடியால் கரையைத் தாண்டிக் காலூன்றப் போர்த்துகீசியரால் முடியவில்லை. இன்னொன்றை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும்: காலடியில் கல்லைப் பூட்டி மூச்சடக்கி இறங்கும் வித்தை பரதவரிடம் இருந்தது. ஊர்த் தலைவர் சொல்லுக்கு ஊர் கட்டுப்பட்டது. ஆகவே அவர்களோடு பேரம் பேசித்தான் ஆகவேண்டியிருந்தது.

1658-ல் டச்சுக்காரன் தூத்துக்குடியைப் பிடித்தான். பிறகு ஆங்கிலேயன் வந்தான். அவன் காலத்தில் சிப்பியைக் குவித்து மூன்று பங்காக்குவார்கள். இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒன்று மூழ்கியவர்களுக்கு. 1961-க்குப் பிறகு அந்தப் பார்களில் முத்துக் குளிப்பே நடக்கவில்லை. சங்குக்காக இன்னும் மூழ்குகிறார்கள்.