பலகையில் எழுதும் கை

இன்று பட்டம் பெறும் இளம் ஆசிரியர்களே, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தமிழாசிரியராக இருந்த காலத்தில் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தப் போவேன். ஒருமுறை கட்டைப் பிரித்தால் முதல் தாளில் ‘முயற்ச்சி’ என்றிருந்தது. அடுத்த தாளிலும் அதுவே. நன்றாக எழுதிய பிள்ளை, தட்டுத்தடுமாறி எழுதிய பிள்ளை என்றில்லாமல் கட்டு முழுக்க அந்தச் ‘ச்’ வந்துகொண்டே இருந்தது. பாடநூலில் ‘முயற்சி’ என்று சரியாகத்தான் அச்சாகியிருந்தது. ‘ற்’றுக்குப் பின்னால் இன்னொரு மெய் வராது என்பது இலக்கணம். பிறகு எதைப் பார்த்து எழுதினார்கள்? கரும்பலகையைப் பார்த்துத்தான். புத்தகம் ஒன்றும் வாத்தியார் ஒன்றுமாகச் சொன்னால் பிள்ளை வாத்தியாரைத்தான் நம்பும். மதிப்பெண்ணைக் குறைக்க எனக்குக் கை வரவில்லை.

பலகையில் நீங்கள் எழுதும் ஒரு பிழை எத்தனை பேருக்குப் போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 40 பிள்ளைகள், 30 ஆண்டுப் பணி என்றால் 1,200 பேர். அவர்களிலும் சிலர் நாளை ஆசிரியர் ஆவார்கள்.

பலகையில் பிழையில்லாமல் எழுதுங்கள் என்று தங்கவயலில் சொல்ல எனக்குத் தனிக் காரணம் உண்டு. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து சுரங்கத்தில் இறங்கிய நம் பாட்டன்மார் பலருக்கு எழுத்தே மறுக்கப்பட்டிருந்தது. அவர்கள் வாழ்ந்த இந்த ஊரில்தான், அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் 1914இல் மறைந்தபின் இங்கிருந்த அப்பாதுரையார் முயற்சியால் மீண்டும் உயிர் பெற்றது. சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை இங்கிருந்து வெளியிட்டது. அவ்வளவு பாடுபட்டு வாங்கிய எழுத்தை நாம் அலட்சியமாக எழுதலாமா?

உங்கள் வேலை இங்கே இன்னும் கடினம். ஒரே தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறோம். பழங்கன்னடத்தில் ழகரமும் றகரமும் இருந்தன. இன்றைய கன்னட எழுத்தில் இல்லை. நம் வீட்டிலும் ‘மழை’ ‘மளை’யாகிவிட்டது, ‘அரை’யும் ‘அறை’யும் காதுக்கு ஒன்றுதான். காதால் பிடிக்க முடியாத எழுத்தைப் பிள்ளை கண்ணால்தான் பிடிக்க வேண்டும். தமிழ்ப் புத்தகம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு உங்கள் பலகையை விட்டால் வேறு கதி கிடையாது.

இங்கே சாம்பியன் ரீஃபில் எனக்கு அப்படி எழுதிய ஒரு வாத்தியார் இருந்தார். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்ட பிறகு, புது எழுத்துப் புத்தகங்கள் இங்கும் வரத் தொடங்கின. ஓய்வுபெறும் வயதில் அவர் மணி அடிக்குமுன் வந்து, பலகை ஓரத்தில் ணை, லை, னை என்று புது வடிவில் எழுதி எழுதி அழிப்பார். வலது கை முழுக்கச் சாக்பீஸ் தூளாக இருக்கும். நாங்கள் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்போம். பாடத்தின் நடுவில் ஐயம் வந்தால் எங்கள் கண்ணெதிரிலேயே அகராதியைப் புரட்டுவார். ஒரு நாளும் அதை மறைத்துச் செய்ததில்லை. அந்த வகுப்பில் படித்தவர்களுக்கு இன்றும் அகராதி பார்க்க வெட்கமில்லை.

கல்லூரி நூலகத்துக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் இரண்டு பிரதிகள் கொண்டுவந்திருக்கிறேன். அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள், முதல்வர் அவர்களே; பயிற்சி வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் கையோடு எடுத்துப் போகட்டும்.