தலை எண்ணியபோது குறைந்த ஒருவர்

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், தீப் பாதுகாப்பு பற்றிய விவாதத்தின்போது சி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அவருடைய சம்மதத்துடன் வெளியிடுகிறோம்.)

தீப் பாதுகாப்பு பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் நான் தலைமுடி பற்றிப் பேசப் போகிறேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் பிளாக் மீட்டர் அறையில் புகை கிளம்பி, அபாய மணி அடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். எல்லோரும் படியிறங்கிக் குழந்தைகள் பூங்காவில் கூடினீர்கள். தலை எண்ணியதில் ஒருவர் குறைந்தார். செக்யூரிட்டி அண்ணன் ஈரத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நான்கு மாடி ஏறி வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார். "நீங்க ஒருத்தர்தான் பாக்கி, வாங்கம்மா" என்றார். "பாத்ரூமில் இருந்தேன், மணி கேட்கவில்லை" என்று சொன்னேன். செயலாளரும் அப்படியே பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

நான் சொன்னது பொய். மணி நன்றாகவே கேட்டது. வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தார். நான் கண்ணாடி முன்னால் நின்று, நெற்றியில் தடவிய பசை தெளிவதற்காகக் காத்திருந்தேன்.

இப்போது என் தலையில் நீங்கள் பார்ப்பது என் முடி இல்லை. மூன்று வருடமாக லேஸ் விக் வைத்துக்கொள்கிறேன். உங்களில் பலர் லிஃப்டில் "என்ன ஷாம்பு போடறீங்க?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிச் சமாளித்திருக்கிறேன். அந்த ஷாம்பை வாங்கிப் போட்டவர்கள் இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வந்தது புழுவெட்டு. டாக்டர்கள் அலோபேசியா ஏரியாட்டா என்பார்கள். பெயரில்தான் புழு இருக்கிறது. உண்மையில் புழுவும் கிடையாது, பூச்சியும் கிடையாது, ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, முடியின் வேர்க்காலையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. நூறு பேரில் சுமார் 2 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வரலாம் என்கிறார்கள். பலருக்குக் காசளவு வட்டமாக உதிர்ந்து, திரும்பவும் முளைத்துவிடும். சிலருக்குத் தலை முழுவதும் போய்விடும். நான் அந்தச் சிலரில் ஒருத்தி. புருவமும் பாதி போய்விட்டது; பென்சிலால் வரைந்துகொள்கிறேன்.

நாடகத்தில் மாட்டுகிற டோப்பா வேறு, இது வேறு. கொசுவலையைவிட மெல்லிய ஒரு வலைத்துணி. அதில் சின்னக் கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாகக் கோத்து முடிச்சுப் போடுவார்கள். என்னுடையதில் நெற்றி ஓரம் மட்டும் லேஸ். பின்பக்கம் வரிசையாகத் தைத்த முடி. அந்த லேஸ் நெற்றித் தோலோடு படிந்துவிடுவதால், முடி அங்கேயே முளைத்த மாதிரி இருக்கும்.

இதை வைத்துக்கொண்டு ஒரு நாளை எப்படி ஓட்டுவது என்று சொல்கிறேன். காலையில் நெற்றியில் எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். பிறகு மெல்லிசாகப் பசை. தடவும்போது அது வெள்ளையாக இருக்கும். நிறம் போய்த் தெளிந்த பிறகுதான் லேஸை வைத்து அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் வழுக்கும். வெளியே போகாத நாளில் பசை வேண்டாம், வெல்வெட் பட்டை ஒன்று போதும்.

சித்திரை வெயிலில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சமைப்பதுபோல இருக்கும். உள்ளே வியர்வை வழியும். அரிக்கும், ஆனால் சொறிய முடியாது. மேலாக இரண்டு தட்டு தட்டிக்கொள்ளலாம். வியர்வையில் பசை இளகினால் நெற்றி ஓரம் வெள்ளை பூக்கும். அதனால்தான் மே மாதம் முழுக்க என் கையில் கைக்குட்டை இருக்கும். ஸ்கூட்டரில் போய் வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போது ஒரு கையால் நெற்றியை அழுத்திக்கொள்வேன். கடற்கரையில் காற்றுக்கு எதிராக நடப்பேன். பின்னாலிருந்து வீசும் காற்றுதான் பயம். குழந்தைகளை ஆசையாகத் தூக்குவேன், ஆனால் அவர்கள் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

எண்ணெய் வைப்பதில்லை, வைத்தால் பசையும் விடும், முடிச்சுகளும் நெகிழும். மல்லிகைப்பூ வைத்துக்கொள்ளலாம், பின்பக்கத் தையல் வரிசையில் மட்டும். லேஸில் ஹேர்பின் குத்தினால் கிழிந்துவிடும். கேட் வாசலில் பூ விற்கிற அக்கா முழம் போட்டுத் தானே தலையில் வைத்துவிட வரும்போதெல்லாம், "வீட்டில் போய் வைத்துக்கொள்கிறேன்" என்று ஓடிவந்திருக்கிறேன். அவர் அதற்கு என்ன நினைத்தாரோ!

இந்த முடி யாருடையது என்று அடிக்கடி யோசிப்பேன். திருப்பதி போன்ற கோயில்களில் பக்தர்கள் காணிக்கையாகக் கொடுக்கிற முடி ஏலத்துக்குப் போகிறது. அதில் நீளமானது விக் செய்யப் பல நாடுகளுக்கும் போகிறது. என் தலையில் இருப்பதும் அப்படி வந்ததாக இருக்கலாம். யாரோ ஒரு பெண், பிள்ளைக்குக் காய்ச்சல் தணிய வேண்டும் என்று நேர்ந்துகொண்டு கொடுத்ததாக இருக்கலாம்.

உதிர ஆரம்பித்த புதிதில் பழனிக்குப் போய், திட்டுத்திட்டாக மிச்சமிருந்ததையும் மழித்துக்கொண்டேன். சந்தனம் பூசிய தலையோடு மலையிறங்கி, பஸ் ஏறி, இங்கே வந்து சேர்ந்தேன். ஒருவரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. "என்ன வேண்டுதல்?" என்று அன்பாகக் கேட்டார்கள். மூன்று மாதம் கழித்தும் முடி வளரவில்லை. அதே தலைதான். ஆனால் கேள்விகள் மாறிவிட்டன. "கேன்சரா?" "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" "சின்ன வெங்காயச் சாறு தேய்த்துப் பார்த்தாயா?" ஒரு கல்யாண வீட்டில் என்னை ஆரத்தித் தட்டைத் தொட விடவில்லை. அடுத்த வாரமே போய் விக்குக்கு அளவு கொடுத்தேன்.

விக் எனக்கு நிறையத் திருப்பிக் கொடுத்தது, அதை மறைக்க மாட்டேன். கல்யாணம், வேலை, கோயில் எல்லாவற்றுக்கும் மறுபடி போக முடிந்தது. அது கால் கிலோகூட இருக்காது. யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்கிற பயம்தான் நாள் முழுக்கக் கனத்தது. அந்தப் பயம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று புகை வந்த அன்றுதான் புரிந்தது. என் உயிர் மட்டும் இல்லை. என்னால் புகைக்குள் ஏறி வந்தவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அண்ணே, உங்களிடம் பொய் சொன்னதற்கு இந்தச் சபையில் மன்னிப்புக் கேட்கிறேன்.

இதைத் தனியாகச் சொல்லாமல் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று நான்தான் கடைசி. ஆனால் தாமதமாக இறங்கியது நான் மட்டும் இல்லை என்று பிறகு பேசியபோது தெரிந்தது. நைட்டிக்கு மேல் போடத் துப்பட்டா தேடியவர்கள் உண்டு. பல் செட்டைத் தேடிய பெரியவர் உண்டு. இடுப்பில் சிறுநீர்ப் பை மாட்டியிருப்பது தெரியக் கூடாது என்று வேட்டியை மாற்றிக் கட்டியவரும் உண்டு. அதனால் தீப் பயிற்சி விதிகளில் ஒரு வரி சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்: மணி அடித்தால் இருக்கிற கோலத்தில் இறங்கி வர வேண்டும், கூடும் இடத்தில் யாரும் படமோ வீடியோவோ எடுக்கக் கூடாது. அன்று வாட்ஸ்அப் குழுவில் பதினோரு படங்கள் வந்தன.

இன்னொன்று, உங்கள் வீட்டில் யாருக்காவது இது தேவைப்படலாம். கீமோ தொடங்கப் போகிறவர்கள், முடி இருக்கும்போதே ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, தலை அளவும் கொடுத்துவிடுங்கள். மருந்தைப் பொறுத்தது என்றாலும், உதிர்வது பெரும்பாலும் முதல் ஊசிக்குப் பின் இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கிவிடும். புதுப் பசையை முதலில் கையில் ஒரு துளி தடவி ஒரு நாள் பார்த்த பிறகு நெற்றிக்குக் கொண்டு போங்கள். தலையில் புண் இருந்தால் பசையே வேண்டாம். தூங்கும்போது கழற்றிவிடுங்கள். அலசியதும் பால்கனி வெயிலில் காயப்போடாதீர்கள், நிறம் வெளுத்துவிடும். நிழலில் ஸ்டாண்டில் மாட்டுங்கள். சிக்கெடுக்கும்போது நுனியிலிருந்து மேலே போங்கள். செயற்கை இழை விக் என்றால் அடுப்புப் பக்கமும் குக்கர் ஆவிப் பக்கமும் போகாதீர்கள், பொசுங்கிவிடும். சந்தேகம் இருந்தால் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கழற்றியும் காட்டுகிறேன்.

என்னிடம் இனி ஷாம்பு பெயர் கேட்க வேண்டாம். வெங்காயச் சாறும் வேண்டாம். பாவம் என்றும் பார்க்க வேண்டாம். முடி அழகாக இருந்தால் அழகாக இருக்கிறது என்று சொல்லுங்கள்; காசு கொடுத்து வாங்கியதுதான், சந்தோஷமாகவே இருக்கும்.

வாசல் கதவுக்குப் பின்னால், சாவி மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்தில் ஒரு பருத்தித் துணி தொங்கவிட்டிருக்கிறேன். அடுத்த முறை மணி அடித்தால் கைக்கு அது அகப்பட்டால் கட்டிக்கொண்டு வருவேன், அகப்படாவிட்டால் அப்படியே வருவேன். டார்ச் வெளிச்சத்தில் அடையாளம் தெரியாமல் திகைக்காதீர்கள். சி பிளாக், நான்காவது மாடி. எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.