பதிவாளரின் மனச்சாட்சி
(குடுமியான்மலையில் ஆற்றிய சொற்பொழிவு)



அர்ச்சகர் சொன்ன பொய்யைக் காப்பாற்ற இவ்வூர்க் கல்லுச்சாமி குடுமியே முளைப்பித்துக் கொண்டதாம், தலபுராணம் சொல்லுகிறது. மதம் மாறி மணக்கும் ஏழைப் பிள்ளைகளுக்காக எந்தச் சாமிக்கும் ஒரு மயிராவது முளைத்ததுண்டா?

“என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை, இந்தக் கலியாணத்தை நடத்தமாட்டேன்” என்று ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் சொல்லலாமா? புரோகிதர் சொல்லட்டும், அவர் தட்சணைக்கு வருகிறவர். உத்தியோகஸ்தரோ நம்மெல்லோருடைய வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவர். 2015-ல் அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்துக் கிம் டேவிஸ் என்னும் அம்மையார், ஆணும் ஆணும் மணப்பது தம் மதத்துக்கு விரோதமென்று லைசென்சு கொடுக்க மறுத்தார். கோர்ட்டு உத்தரவை மீறியதற்காகச் சிறைக்கு அனுப்பினார்கள்.

இந்துக்கள் இருவர் மணப்பதானால் நமக்குக் கவலையில்லை. அண்ணா மந்திரிசபை 1967-ல் செய்த சட்டப்படி உற்றார், சிநேகிதர் முன்னிலையில் சம்மதம் சொல்லி மாலை மாற்றினாலே விவாகம். புரோகிதரும் வேண்டாம், உத்தியோகஸ்தரும் வேண்டாம். மதம் வேறானால்தான் சங்கடம். 1954-ம் வருஷத்து ஸ்பெஷல் மேரேஜ் சட்டத்தைத் தேடிப் போகவேண்டும். 30 நாள் நோட்டீசு ஒட்டுவார்கள். ஆனால் அங்கேயும் தடை சொல்ல வயது, முன் விவாகம், சித்த சுவாதீனம், நெருங்கிய உறவு இவைதான் காரணங்கள். சாதி இல்லை, மதம் இல்லை, உத்தியோகஸ்தரின் மனச்சாட்சியும் இல்லை.

“அப்பா அம்மாவைக் கூட்டிவா” என்பாரானால், “எந்தப் பிரிவின்படி? எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். யாரோ போட்ட ஆட்சேபத்தை ஏற்று மறுத்தால், 30 நாட்களுக்குள் ஜில்லா கோர்ட்டில் அப்பீல் செய்யுங்கள்.