அஞ்சலுறையும் அறிவுப்பொறியும்

(அமிர்தியில் தமிழன்பர்களிடை நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



சவ்வாது மலை சந்தனத்தாற் பெயர்பெற்ற மலை. அமிர்திக் காட்டினரும் அடிவாரத்தாரும் அம்மரத்தின் இயல்பை நன்கறிவர். சந்தனத்தின் மணம் இலையில் இல்லை, பட்டையில் இல்லை, நடுவயிரத்திலும் வேரிலுமே உள்ளது. ஆகலின் சந்தனங் கவர்வோன் கிளையை ஒடித்துப் போவதில்லை. மரத்தையே வீழ்த்தி வயிரத்தைக் கொண்டு போகின்றான்.

மாந்தர் எழுத்திலும் வயிரம் உண்டு. மேடைப்பேச்சும் செய்தித்தாளும் ஊரறிய வைத்தவை. தாய் மகனுக்கு எழுதும் மடலும், நோயுற்றார் மருத்துவர்க்கு எழுதும் மடலும், கடன்பட்டார் நண்பர்க்கு எழுதும் மடலுமே வயிரம். அவ்வயிரம் இன்று மின்னஞ்சலாய், அயலார் கணிப்பொறிக் கிடங்குகளில் அடுக்கப்பட்டுக் கிடக்கின்றது. அதனைத் தொடும் உரிமை யார்க்குண்டு என்பதே இவ்வுரையின் பொருள்.

செயற்கை நுண்ணறிவுப் பொறி தானே சிந்தித்துப் பேசுவதன்று. மக்கள் எழுதிய கோடிக்கணக்கான தொடர்களைக் கற்று, எச்சொல்லுக்குப்பின் எச்சொல் வரும் எனக் கணித்துப் பேசுவது. அதற்கு உணவு எழுத்து. 2018ஆம் ஆண்டு கூகுள் நிறுவனம், எழுதுவோர் தொடரை முடிக்குமுன் தானே முடித்துக்காட்டும் அமைப்பொன்றைத் தன் மின்னஞ்சலிற் புகுத்தியது. மக்கள் எழுதிய மின்னஞ்சல்களே அதற்குப் பாடமாயின என்பதை அந்நிறுவன ஆய்வரே எழுதினர். ஆளடையாளம் வெளிப்படாதிருக்கக் காப்புகள் செய்தனர் என்பதும் மெய். ஆயினும் பூட்டு நன்று என்பது, உள்ளே புக இசைவு பெற்றமைக்குச் சான்றாகுமா?

காப்பின்றி விட்டால் விளைவது யாது என்பதற்கு அமெரிக்காவின் என்ரான் நிறுவனமே சான்று. 2001ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிறுவனம் நொடித்தது. முறைகேட்டை ஆராய்ந்த அந்நாட்டு ஆற்றல் ஒழுங்காணையம், ஏறத்தாழ 150 பணியாளரின் மின்னஞ்சல்களை 2003ஆம் ஆண்டு பொதுவில் வெளியிட்டது. ஏறத்தாழ 5 இலக்கம் மடல்கள்! அவற்றுள் வணிகச் செய்தியோடு குடும்பச் செய்தியும் கலந்திருந்தது. குற்றமிழையாதார் மடலும், அவர்க்கு எழுதிய உற்றார் மடலும் உடன் சென்றன. பாதிக்கப்பட்டோர் முறையிட்டபின் சில மடல்கள் நீக்கப்பட்டன. ஆனால் அத்தொகுப்பு உலகெங்கும் பொறிகளைப் பயிற்றும் பாடநூலாகிவிட்டது. 2019ஆம் ஆண்டு ஆய்வர் சிலர், அம்மடல்களாற் பயிற்றிய பொறியொன்றிலிருந்து மாந்தரின் கடனட்டை எண்ணையும் குமுகப் பாதுகாப்பு எண்ணையும் மீண்டும் வெளிக்கொணர்ந்து காட்டினர். பொறி கற்பதோடு நிற்பதில்லை. சிலவற்றை மனப்பாடமும் செய்கின்றது என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

மடலின் மறைவைக் காத்தல் இந்நாட்டிற்குப் புதிதன்று. எழுத்தறியார்க்கு மடல் படித்துக்காட்டிய அஞ்சற்காரர் அதனை அடுத்த தெருவிற் சொல்லார். அஃது எழுதாச் சட்டம். அரசே மடலுறையைப் பிரிக்கும் அதிகாரத்தை விரிவாக்க 1986ஆம் ஆண்டு அஞ்சல்துறைத் திருத்த வரைவு கொண்டுவரப்பட்டது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய பின்னும் குடியரசுத் தலைவர் செயில்சிங் அதற்கு ஒப்பமிடவில்லை. 2017ஆம் ஆண்டு, ஓய்வுபெற்ற நடுவர் புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்சநயன்மன்றத்து நடுவர் ஒன்பதின்மரும் ஒருமனமாய், தனிமறைவு ஒவ்வொருவர்க்கும் அடிப்படையுரிமை என்று தீர்ப்பளித்தனர்.

உரிமை உண்டு, ஆனால் அதனைப் பறிப்பார் 'இசைவு' என்னும் சொல்லைக் கொண்டே பறிக்கின்றனர். வாட்சப் என்னும் செய்திப்பணி 2021ஆம் ஆண்டு தன் நெறிமுறையை மாற்றி, 'ஏற்றுக்கொள். அன்றேல் வெளியேறு' என்னும் நிலையில் மக்களை நிறுத்தியது. இந்தியப் போட்டி ஆணையம் 2024ஆம் ஆண்டு அதன் உரிமையாளராகிய மெட்டா நிறுவனத்திற்கு 213 கோடி உருபா தண்டம் விதித்தது. அவ்வழக்கு மடலின் உள்ளடக்கம் பற்றியதன்று. மக்களைப் பற்றிய தரவுகளைப் பிற பணிகளோடு பகிர்தல் பற்றியது. எனினும், மறுக்க வழியில்லா இசைவு இசைவேயாகாது என்னும் பாடம் இரண்டிற்கும் ஒன்றே.

இங்கேதான் தமிழ் வருகின்றது. ஆங்கிலத்தில் முப்பது பக்கம் எழுதி, அடியில் 'ஒப்புகின்றேன்' என்றொரு கட்டம் வைத்தால், ஆங்கிலம் அறியா உழவர் எதற்கு ஒப்புகின்றார்? 2023ஆம் ஆண்டின் எண்மத் தனியாள் தரவுக் காப்புச் சட்டம் இதற்கொரு வாயில் திறந்துள்ளது. இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலேனும், அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் எதிலேனும் படிக்கும் வாய்ப்பு மக்களுக்குத் தரப்படல்வேண்டும் என்பது அச்சட்டம். அப்பட்டியலில் தமிழும் உண்டு. 2025 நவம்பரில் விதிகள் வெளிவந்தன. இசைவு பற்றிய கடமைகள் நடப்புக்கு வர 18 திங்கள் தவணை தரப்பட்டது. ஏட்டிலுள்ள இவ்வுரிமையைக் கேட்டுப் பெறாவிடின், அஃது ஏட்டுச் சுரைக்காயே.

'இணையத்திற் தமிழ் எழுத்துக் குறைவு. தமிழ்ப்பொறி வளர வேண்டுமாயின் மடல்களையும் ஈந்தாலென்ன?' என்று தமிழ்ப்பற்றாளரே சிலர் வினவக்கூடும். பற்று நன்று, வழி தவறு. தமிழ்ப்பொறிக்குத் தமிழ் வேண்டுமாயின் நூலகத்தைத் திறக்க! பாவாணர் நூல்கள் நாட்டுடைமையாக உள்ளன. மதுரைத் திட்டத்தார் 1998ஆம் ஆண்டு முதல் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வருகின்றனர். மலைவாழ் மக்களின் பேச்சுவழக்கு வேண்டுமாயின், அவர் வாயிலில் நின்று, அவர் மொழியிற் கேட்டு, அவர் இசைந்தபின் பதிவு செய்க. கேட்டுப் பெற்ற தமிழால் வளரும் பொறியே தமிழர்க்குரிய பொறி; திருடிய தமிழால் வளர்வது எவ்வளவு இனிமையாய்ப் பேசினும் அயலான் பொறியே.

தமிழர் கடமையும் ஒன்றுண்டு. மடல் எழுதியவர்க்கு மட்டும் உரியதன்று, பெற்றவர்க்கு மட்டும் உரியதுமன்று, இருவர்க்கும் பொது. நண்பர் எழுதிய மடலை அவரைக் கேளாது அறிவுப்பொறியிடம் இட்டு மறுமொழி வரையச் சொல்வாரும், அறியாமலே அந்நண்பரின் மறைவைக் காட்டிக்கொடுக்கின்றனர். பிறரைக் குறைகூறுமுன் அவ்வழக்கம் ஒழிதல் வேண்டும்.

ஆகலின், மின்னஞ்சல் நடத்துவாரிடம் தமிழ்மக்கள் கேட்கவேண்டுவன மூன்றே. இசைவைத் தமிழிற் கேட்க! மறுத்தார்க்குப் பணியை மறுக்காதிருக்க! ஒருமுறை தந்த இசைவை மீட்டுக்கொள்ளும் வழியை, தந்த வழியைப்போல் எளிதாக்குக! சந்தனக்காட்டிற்குக் காவல் வேண்டும் என்று உணர்ந்த மக்கள், தம் சொற்காட்டிற்கும் காவலராய் எழுக!

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் உரிமை!